ரஃபத் ஜஹான் போட்ட இரண்டாவது படம்

ரஃபத் ஜஹானுக்குப் பெருமை கொஞ்சம் ஜாஸ்தி என்று ஆம்பூரில் சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் தப்பில்லை. ‘கொஞ்சம்’ என்பதை மட்டும் எடுத்துவிடலாம்.

அது சும்மா வந்த பெருமையும் அல்ல. தொண்ணூற்று நான்கில் ரஷீத் அஹமதின் தோல் கம்பெனிக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது, ஆபீசில் இருந்த பெரிய பெரிய ஆட்களெல்லாம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்களே தவிர யாரும் கை வைக்கவில்லை. விலை உயர்ந்த சாமான், ஏதாவது ஆகிவிட்டால் யார் தலையில் விழும் என்ற பயம். கணிதத்தில் பட்டம் முடித்து, கப்பலுக்குப் போகும் பெட்டிகளின் பேக்கிங் லிஸ்டை டைப் அடிக்க அப்போதுதான் சேர்ந்திருந்தாள் ரஃபத். அவள் போய் உட்கார்ந்து சுவிட்சைப் போட்டாள். அன்று உட்கார்ந்தவள்தான், அதன் பிறகு அந்த நாற்காலியை யாருக்கும் விட்டுக் கொடுக்கவில்லை.

ஒவ்வொரு மாதமும் எந்தச் சரக்கில் எவ்வளவு தோல் கழிந்தது என்ற கணக்கு முதலாளியின் மேஜைக்குப் பக்கம் பக்கமாகப் போகும். ரஷீத் அஹமது அதைப் புரட்டாமலே கையெழுத்துப் போடுவார். ஒரு மாதம் ரஃபத், யாரும் கேட்காமலே, அந்த எண்களை எல்லாம் ஒரே தாளில் கோபுரம் கோபுரமாக வரைந்து மேலே வைத்து அனுப்பினாள். ஈரோட்டு மண்டியிலிருந்து வந்த சரக்கின் கோபுரம் மட்டும் தாளின் உச்சியை இடித்தது. முதலாளி அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஈரோட்டுக்குப் போன் போட்டார். மறுமாதத்திலிருந்து கணக்கு வந்தால் அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

“படம் எங்க?”

கல்யாணமாகி, மகள் இரம் பிறந்து, அவளுக்குப் பின் ஒரு தம்பியும் பிறந்த பிறகும் ரஃபத் வேலையை விடவில்லை. உறவில் சிலர் முணுமுணுத்தார்கள். அவள் கணவன் உமர் ஃபாரூக் ஷூ கம்பெனிகளுக்கு நூலும் பசையும் சப்ளை செய்கிறவன்; வாய் ஓயாத ஆள்.

“அவ இல்லன்னா கம்பெனியைப் பூட்டிடுவாங்கன்னு அவளே சொல்லிக்கினு இருக்கா. ஊர்ல அத்தனை பேர் பொழப்பு போச்சுன்னா அந்தப் பாவம் எனக்கு எதுக்கு?” என்பான். அதற்குமேல் யாரும் பேச்சை வளர்க்கவில்லை.

இரண்டாயிரத்து நான்கில் காட்பாடியில் ஒரு கல்லூரி, வேலைக்குப் போகிறவர்களுக்காக வார இறுதி வகுப்பு ஒன்றைத் தொடங்கியது. எண்களைப் படமாக்கிப் பார்ப்பது எப்படி என்பதுதான் பாடம். அதிலும் விசேஷம், கம்ப்யூட்டரே தானாகக் கற்றுக்கொள்ளும் வேலைகளுக்காக அந்தப் படங்களை எப்படிப் போடுவது என்பது. ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் என்ற சொல்லை ஆம்பூரில் அப்போது யாரும் கேள்விப்பட்டதில்லை. உமர் ஃபாரூக் அதை ஒரு தடவை முழுசாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஏதோ மருந்து பேர் மாதிரி இருக்கு என்றான். ரஃபத் சனிக்கிழமை காலை பாசஞ்சர் பிடித்துவிட்டாள்.

வகுப்பில் அவள்தான் வயதில் மூத்தவள். பாடம் நடத்திய ரெனிட்டா அவளைவிட ஆறேழு வயது சின்னவள். மாணவி ஆசிரியையை மேடம் என்றாள். ஆசிரியை மாணவியை அக்கா என்றாள். முதல் வாரம் தன் கம்பெனிக் கணக்கை வட்டப் படமாகப் போட்டு எடுத்துப் போனாள் ரஃபத். துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், பக்கவாட்டில் கனம் வேறு. ஆம்பூரையே அசத்திய கை அல்லவா.

ரெனிட்டா அதைப் பார்த்துவிட்டு, “அக்கா, இதுல எது பெரிய துண்டு, ஒரே பார்வையில சொல்லுங்க,” என்றாள்.

ரஃபத்தால் சொல்ல முடியவில்லை. தான் போட்ட படம் தனக்கே புரியவில்லை. முகம் சிவந்துவிட்டது. திரும்பும் ரயிலில் லத்தேரி வரைக்கும் ரெனிட்டாமேல் கோபம். குடியாத்தம் வரும்போது அந்தப் படத்தை எப்படி மாற்றிப் போடுவது என்று கண்டுபிடித்துவிட்டாள். வீட்டு வாசலை மிதிக்கும்போது, இந்த வகுப்பை ஒரு வாரம்கூட விடக்கூடாது என்று முடிவு செய்திருந்தாள்.

விடவும் இல்லை. அழகுக்கு நிறம் போடுவது வேறு, விஷயம் சொல்ல நிறம் போடுவது வேறு என்று கற்றாள். கடைசியில் அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது புள்ளிப்படம். ஒரு தோலை ஃபோட்டோ எடுத்தால் கம்ப்யூட்டர் அதை எண்களாக்கிவிடும். எவ்வளவு வழவழப்பு, எங்கே கீறல், எங்கே நிறம் மாறுகிறது என்று ஏகப்பட்ட எண்கள். அத்தனையையும் பிழிந்து இரண்டே எண்களாக்கினால், அந்தத் தோல் தாளில் ஒரு புள்ளியாக விழும். கம்ப்யூட்டரின் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும் தோல்கள் பக்கத்தில் பக்கத்தில் விழும். வேறு மாதிரித் தெரிபவை தள்ளிப் போய் விழும். அந்தப் பெட்டி உள்ளுக்குள் என்ன நினைக்கிறது என்பதை வெளியே இருந்து பார்க்க ஒரு ஜன்னல் கிடைத்ததில் ரஃபத்துக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

வகுப்பில் ரெனிட்டா அடிக்கடி ஒன்று சொல்வாள். “படம் ரொம்ப அழகா வந்தா, மொதல்ல சந்தேகப்படுங்க.” எல்லோரும் குறித்துக்கொண்டார்கள், ரஃபத்தும்தான்.

அந்த வருஷமே ரெனிட்டாவின் கல்லூரியும் ரஷீத் அஹமதின் கம்பெனியும் சேர்ந்து ஒரு மெஷின் செய்வது என்று பேச்சானது. பேசிவைத்தது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தோலைத் தரம் பிரிக்கிற ஹாலில் ஒரு கேமரா. அதற்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர். தரம் பிரிக்கும் மேஜையின் தலைவர் துரைசாமி ஒவ்வொரு தோலையும் பார்த்து முதல் தரம், இரண்டு, மூன்று என்று சொல்வார். கேமரா படமெடுக்கும். ஆயிரக்கணக்கில் பார்த்துப் பார்த்து மெஷினும் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும். மெஷின் வந்தால் துரைசாமி முறுக்கிக்கொள்வார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவரோ, “எனக்கே கண்ணு எரியுது. பாதிய அது பாத்துக்கினா நல்லதுதானே,” என்றார்.

மூன்று மாதம் படமெடுத்தார்கள். மெஷின் கற்றுக்கொண்டது. அதுவரை காட்டாத தோல்களைக் காட்டினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்குமேல் சரியாகச் சொன்னது. ரஃபத் அதற்குப் புள்ளிப்படம் போட்டாள். முதல் தரத்துக்குப் பச்சை, இரண்டாவதுக்கு மஞ்சள், மூன்றாவதுக்குச் சிவப்பு. மூன்றும் மூன்று கூட்டமாகத் தள்ளித் தள்ளி நின்றன. பார்த்த மாத்திரத்தில் குழந்தைக்கும் புரிந்துவிடும். ரஷீத் அஹமது அதைச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டிவிட்டார். ரஃபத் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாட்ச்மேனிடம் சொல்லிக் கதவைத் திறக்க வைத்து, உமர் ஃபாரூக்கையும் பிள்ளைகளையும் கூட்டிப்போய்க் காட்டினாள்.

ஜெர்மனியிலிருந்து கம்பெனியிடம் தோல் வாங்குகிறவர்களின் ஆள் மெஷினைப் பார்க்க வருவதாக ஏற்பாடானது. அதற்கு ஒரு வாரம் முன்னால் முதலாளி ரஃபத்தைக் கூப்பிட்டார்.

“அவங்களுக்குப் புடிச்சிருந்தா மெஷினுக்குத் தனி ரூம் கட்றேன். ரூமுக்கு நீதான் இன்சார்ஜ். புடிக்கலன்னா நீ பழையபடி பேக்கிங் லிஸ்ட்தான். பாத்துக்க.”

அதைக் கேட்டதிலிருந்து ரஃபத்துக்குத் தரையில் கால் பாவவில்லை. தோல் தொழிலில் பெண்கள் கை வைக்காத வேலை இல்லை. ஆனால் ஒரு அறைக்கு ஒரு பெண் பொறுப்பு என்று அந்த வட்டாரத்தில் அவள் கேள்விப்பட்டதில்லை. அது தனக்கு வேண்டும் என்று வெளிப்படையாகவே ஆசைப்பட்டாள்.

வருகிறவர்களுக்குக் காட்ட இன்னும் ஒன்றிரண்டு படம் இருந்தால் நன்றாயிருக்குமே என்றுதான் அவள் அன்று உட்கார்ந்தாள். வகுப்பில் சொல்லிக் கொடுத்த வழி ஒன்று உண்டு. புள்ளிகளை நகர்த்தாமல், நிறத்தை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது. எந்த மண்டிச் சரக்கு என்று நிறம் போட்டாள். எல்லாம் கலந்தடித்து வந்தது. எந்த மாதம் என்று போட்டாள், அதுவும் அப்படியே. ஒவ்வொரு ஃபோட்டோவோடும் அதை எடுத்த நேரத்தைக் கேமரா பதிந்து வைத்திருந்தது. சரி, அதையும் போடுவோம் என்று காலைக்குப் பச்சையும், உச்சிவேளைக்கு மஞ்சளும், சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு சிவப்புமாகப் போட்டாள்.

திரையில் முதலாளி அறையில் தொங்கும் படம் வந்து நின்றது.

பழைய படத்தைத் தவறுதலாகத் திறந்துவிட்டோம் என்று நினைத்து மூடிவிட்டு மறுபடி போட்டாள். மறுபடி அதுவே வந்தது. பச்சை நின்ற இடத்தில் பச்சை, சிவப்பு நின்ற இடத்தில் சிவப்பு.

ஏன் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை, அதுதான் கொடுமை. அவளுடைய அப்பாவும் தரம் பிரிக்கும் மேஜையில் நின்றவர்தான். அந்த ஹால்களில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் மேஜைமேல் விழும் சரக்கு நல்ல சரக்காக இருக்க வேண்டும்; அதுதான் அன்றைய போணி. அதற்காக முந்தின நாள் மாலையே கண்ணுக்கு லட்சணமாகத் தெரியும் கட்டுகளைத் தனியாக எடுத்து வைத்துவிடுவார்கள். ஓட்டையும் கீறலுமாக இருக்கும் கழிவுச் சரக்கை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் தொடுவார்கள். காலையிலேயே அதன் முகத்தில் விழித்தால் அன்றைய பொழுது விளங்காது. சாயபு மேஜையோ மற்றவர் மேஜையோ, இதில் பேதமே கிடையாது. இது காட்பாடி ரெனிட்டாவுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் அத்தனை பேருக்கும் இதைப் போய் ஒரு விஷயமாகச் சொல்லத் தோன்றவில்லை.

கேமராவைச் சுற்றி வெளிச்சம் புகாமல் கறுப்புத் துணி கட்டச் சொல்லியிருந்தாள் ரெனிட்டா. கட்டினார்கள். புழுக்கம் தாங்காமல் ஒரு பக்கத்தைத் தூக்கியும் செருகினார்கள். கிழக்கு ஜன்னலின் காலை வெயில் அந்த வழியாகத் தோல்மேல் சாய்ந்து விழுந்தது. மெஷின் அந்த வெயிலைத்தான் கற்றுக்கொண்டிருந்தது.

அன்று மதியம் சாப்பாடு முடிந்ததும் துரைசாமி முதல் தரம் என்று ஒதுக்கிய தோல் ஒன்றை எடுத்துக் கேமராவின் கீழ் வைத்தாள். மூன்றாம் தரம் என்றது மெஷின். மறுநாள் காலை, கழிவிலேயே மோசமான ஒன்றைத் தேடி எடுத்து வைத்தாள். முதல் தரம் என்றது.

துரைசாமி எட்டிப் பார்த்தார். “இன்னாம்மா இது, ஓட்டைத் தோலுக்கு ஃபர்ஸ்ட் குடுக்குது?”

“அது தோலைப் பாக்கலண்ணா. கடிகாரத்தைப் பாக்குது,” என்றாள் ரஃபத்.

போன் போட்டாள். ரெனிட்டா மதியத்துக்குள் வந்துவிட்டாள். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவளுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. அவளுக்கும் இது பல மாத உழைப்பு. அவள் கல்லூரியில் இதைச் சொல்லித்தான் தலைநிமிர்ந்து நடந்துகொண்டிருந்தாள்.

“அக்கா, அவங்க வர்றது காலைல பத்து மணிக்கு. அந்த நேரத்துல, எடுத்து வச்ச நல்ல கட்டைக் காட்டினா, எல்லாம் சரியாத்தான் சொல்லும். அது முடியட்டும். அப்புறம் நாம உக்காந்து சரி பண்ணிடலாம்.”

“படம் ரொம்ப அழகா வந்தா சந்தேகப்படுங்கன்னு கிளாஸ்ல சொன்னது யாரு மேடம்?”

ரெனிட்டா இரண்டு படங்களையும் மறுபடி பார்த்தாள். பிறகு, “நான்தான்,” என்றாள். “நீங்க போய் சொல்லுங்க அக்கா. நானும் வர்றேன்.”

ரஃபத் ஒரு நாள் தவணை கேட்டாள். பெருமைக்காரிக்குத் தன் வாயால் தன் பெருமையைக் கெடுத்துக்கொள்வது அவ்வளவு லேசா என்ன? அன்று சாயங்காலம் டீயை ஆற்றிக்கொண்டே உமர் ஃபாரூக்கிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முழுவதையும் கேட்டான்.

“சொன்னா ரூம் போய்டும்,” என்றாள்.

“போகட்டும், சொல்லிடு. சொல்லாம வச்சுக்கினா உன்னால ஒரு வாரம் தாங்க முடியாது. இந்த வீட்ல எங்களாலயும் தாங்க முடியாது.”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுதுவிட்டுத்தான் எழுந்தாள்.

மறுநாள் முதலாளி அறையில், சட்டம் போட்ட படத்துக்குக் கீழே இரண்டாவது படத்தை வைத்து எல்லாவற்றையும் விளக்கினாள். ரெனிட்டா பக்கத்தில் நின்று ஆமாம் ஆமாம் என்றாள். ரஷீத் அஹமது இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“காலைல சரியா சொல்லும் இல்ல?”

“சொல்லும் சாஹிப்.”

“அவங்க காலைலதானே வர்றாங்க?”

“ஆமா சாஹிப்.”

“அப்போ உனக்கு இன்னா பேஜார்?”

“நம்ம கன்டெய்னரை அவங்க ஊர்ல எந்த நேரத்துல திறப்பாங்கன்னு தெரியாது சாஹிப். மெஷின் ஃபர்ஸ்ட்டுன்னு சொன்ன கட்டுல ஓட்டைத் தோல் இருந்தா கம்பெனி பேர் போகும். படம் போட்டவ பேரும் போகும். எனக்கு ரெண்டும் வேணும்.”

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அவள்மேலா, மெஷின்மேலா என்று அவருக்கே தெரிந்திருக்காது. எழுந்து போய்ச் சட்டத்தைக் கழற்றிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். “போய் பேக்கிங் லிஸ்டைப் பாரு,” என்றார். ஜெர்மனிக்குப் போன் போட்டு, இப்போது வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை என்று ஆபீசில் பேசினார்கள். ரஃபத் காதில் விழும்படியாகவே பேசினார்கள். அவள் பேக்கிங் லிஸ்டை அடித்தாள். அறை கைவிட்டுப் போனதில் துக்கம் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அத்தனை பேர் பார்த்து மெச்சிய படத்தில் இருந்த பொய்யை அவள்தான் கண்டுபிடித்தாள். அந்த எண்ணம் உள்ளே ஒரு மூலையில் கதகதவென்று இருந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாததுதான் அவளுக்குப் பெரிய கஷ்டம்.

ரெனிட்டா விடுகிறவள் இல்லை. நாலு பக்கமும் அடைத்து, உள்ளேயே விளக்கு வைத்த பெட்டி ஒன்றைச் செய்துகொண்டு வந்தாள். இனி எல்லாத் தரத்தையும் கலந்து கலந்து எல்லா நேரத்திலும் படமெடுக்க வேண்டும் என்றாள். அங்கேதான் வம்பு வந்தது. காலையில் கழிவுச் சரக்கைத் தொட மேஜைக்காரர்கள் யாரும் தயாராக இல்லை.

“எங்களுக்கு மிஷின்மேல ஒண்ணும் கோவம் இல்லம்மா. ஆனா போணிய மாத்த முடியாது,” என்றார் துரைசாமி.

ரஃபத் அவர்களோடு வாதாடவில்லை. “போணிய யாரு மாத்தச் சொன்னது? காலைல மொதல் தோல் ஃபர்ஸ்ட் தோலாவே இருக்கட்டும். அது உங்க மேஜைக்கு மட்டும்தான், கேமராவுக்குக் கிடையாது. போணி ஆனப்புறம் கலந்து எடுப்போம்.”

துரைசாமி யோசித்தார். மற்றவர்கள் முகத்தைப் பார்த்தார். “அப்படின்னா சரி,” என்றார். அதன் பிறகு ரஃபத் காலையில் பேக்கிங் லிஸ்டை முடித்துவிட்டு மதியம் அந்தப் பெட்டியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. முதலாளி ஹாலைக் கடந்து போகும்போது பார்ப்பார். எழுந்து போ என்றும் சொல்லவில்லை.

புதிதாகப் படித்த மெஷின் முதலில் நாலுக்கு ஒன்று தப்பாகச் சொன்னது. புள்ளிப்படமும் பார்க்கச் சகிக்கவில்லை. பச்சைக்குள் மஞ்சள், மஞ்சளுக்குள் சிவப்பு, கிண்டி வைத்த மாதிரி. ரஃபத்துக்கு அந்தப் படம்தான் பிடித்தது. இது தோலைப் பார்த்துத் திணறுகிறது, பொய் சொல்லவில்லை என்றாள். அவளும் ரெனிட்டாவும் மாதக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டினார்கள். எந்தப் புள்ளி எந்தக் கூட்டத்தின் ஓரத்தில் தடுமாறுகிறது என்று பார்த்து, மெஷினுக்கே நிச்சயமில்லாத தோல்களுக்குச் சாம்பல் நிறம் கொடுத்தாள் ரஃபத். சாம்பல் விழுந்தால் அந்தத் தோல் துரைசாமியின் மேஜைக்குப் போகும். மற்றவற்றை மெஷின் சொல்லும். அப்படிப் பிரித்த பிறகு, மெஷின் தன் வாயால் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

ஒருநாள் கொத்தனார்கள் வந்தார்கள். ஹாலை ஒட்டி மெஷினுக்கு அறை எழும்பியது. அறைக்குப் பொறுப்பு யார் என்று ரஷீத் அஹமது சொல்லவில்லை. மருமகனைப் போடப் போகிறார் என்றார்கள். சென்னையிலிருந்து ஆள் வருகிறது என்றார்கள். பெருமைக்காரி என்பதால் ரஃபத்தும் வாய் திறந்து கேட்கவில்லை. சுண்ணாம்பு அடிக்கும் நாட்களில் மட்டும், வேலை இருக்கிறதோ இல்லையோ, அந்தப் பக்கமாக இரண்டு தடவை நடந்து போனாள்.

ஜெர்மன்காரர் அடுத்த வருஷம் வந்தார். ரயில் தாமதமானதில் காலைக்குப் பதிலாக மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கம்பெனிக்குள் நுழைந்தார். முதலாளி, மருமகன், ரெனிட்டா, துரைசாமி என்று அறை நிறைந்துவிட்டது. ரஃபத் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். யாராவது அதை இயக்க வேண்டுமே.

தோல்கள் ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போயின. மூன்றாம் தரம் என்றது, சரி. சாம்பல் விழுந்தது, மேஜைக்குப் போனது. அடுத்து வந்தது முதல் தரம் என்று திரை சொன்னது. ஜெர்மன்காரர் தோலை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். துரைசாமி அதை எடுத்து முதல் தரக் கட்டில் போடக் கை நீட்டினார்.

“இரு துரைசாமி,” என்றார் ரஷீத் அஹமது. பிறகு வந்தவரிடம் இங்கிலீஷில், எல்லோருக்கும் கேட்கும்படி, “ஒரு நிமிஷம். ரூம் இன்சார்ஜ் இன்னும் சொல்லவில்லை,” என்றார். சொல்லிவிட்டு ரஃபத்தைப் பார்த்தார்.

அறையில் இருந்த எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அதை விழ விடாமல் திரையைப் பார்த்தாள். புள்ளி பச்சைக் கூட்டத்தின் நடுவில், ஓரங்களைவிட்டு வெகுதூரத்தில் இருந்தது. ஒரு பார்வையில் தெரிந்துவிடும் விஷயம்தான். இருந்தாலும் அவள் நிதானமாக, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, இன்னொரு தடவை பார்த்தாள்.

“எடுங்கண்ணா,” என்றாள். துரைசாமி தோலை எடுத்தார்.